மூச்சின் சத்தத்தைப் படித்தவர்: ரெனே லேனெக்



டாக்டர் என்று சொன்னதும் உங்க மனசுல வர்ற படம் என்ன? வெள்ளைக் கோட்டு, கழுத்துல ஒரு ஸ்டெதாஸ்கோப். எமோஜியிலிருந்து கிளினிக் போர்டு வரைக்கும் அதே படம்தான். ஆனா அந்தக் கருவியைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேட்டா? எடிசன், டெஸ்லா, கிரஹாம் பெல் எல்லாரையும் தூக்கத்துல கேட்டாலும் சொல்ற நாம, இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் முழிப்போம்.

அவர் பெயர் ரெனே தியோபில் இயாசிந்த் லேனெக். பிரான்ஸ் நாட்டு மருத்துவர். வாழ்ந்தது மொத்தம் 45 வருஷம்தான்.

இந்தக் கட்டுரை ஒரு கருவியின் கதை மட்டும் இல்லை. சிஓபிடி என்று ஒரு நோய் இருக்கு. தமிழில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். உலகம் முழுக்க அதிகமான உயிர்களை எடுக்கும் நோய்களில் அதுவும் ஒன்று. நம்ம வீட்டிலும் நாலு வருஷமா இருமிக்கிட்டு, மாடிப்படி ஏறினா நின்னு மூச்சு வாங்குற ஒரு பெரியவர் இருக்கலாம். அவருக்கு இது இருக்கான்னு நமக்கே தெரியாம இருக்கலாம். அந்த நோயின் முக்கியமான ஒரு வடிவத்தை, ஆள் உயிரோட இருக்கும்போதே அடையாளம் காண வழி சொன்னவர் லேனெக். அதுதான் இந்தக் கதையின் மையம்.

கில்லட்டின் காலத்துப் பையன்

1781 பிப்ரவரி 17. பிரான்சின் மேற்கு ஓரத்தில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிரித்தனி பகுதி. அங்கே கேம்பேர் என்ற ஊரில் லேனெக் பிறந்தார். அவருக்கு ஐந்து வயசாகும்போது அம்மா காசநோயில் இறந்துவிட்டார். அப்பா வக்கீல். கவிதை எழுதுவதில் இருந்த ஆர்வம் பிள்ளைகளை வளர்ப்பதில் இல்லை. கடைசியில் பையன் நாந்த் நகரத்தில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். சித்தப்பா கியோம் லேனெக் ஒரு மருத்துவர். நம்ம ஹீரோவின் வாழ்க்கை திரும்பிய முதல் இடம் இதுதான்.

பிரெஞ்சுப் புரட்சி வெடித்த நேரம் அது. நாந்த் நகரச் சதுக்கத்தில் கில்லட்டின் நின்றது. நாம ஏழாம் வகுப்பில் மார்க்கு பற்றிக் கவலைப்பட்ட வயசில், அந்தப் பையன் இருந்த ஊரில் தலைகள் உருண்டுகொண்டிருந்தன. பக்கத்து மாவட்டத்தில் உள்நாட்டுப் போர். காயம்பட்டவர்கள் வண்டி வண்டியாக வந்தார்கள். 14 வயசிலேயே லேனெக் நாந்த் மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்தார். காயத்துக்குக் கட்டுப் போடுவது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது என்று எல்லாம் கைவேலையாகவே கற்றார்.

இன்னொரு பக்கம் கிரேக்கம் படித்தார். புல்லாங்குழல் வாசித்தார். பிரித்தனி மக்களின் சொந்த மொழியான பிரெத்தோனையும் கற்றுக்கொண்டார். இந்த மூன்றையும் ஞாபகம் வைச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு வரும்.

பாரிஸ்: பிளாக் பாக்ஸ் பிரச்சினை

1801-ல் மருத்துவம் படிக்கப் பாரிஸ் வந்தார். கையில் காசு இல்லை, உடம்பும் ஒல்லி, அடிக்கடி மூச்சிரைப்பு. ஆனால் படிப்பில் புலி. 1803-ல் மருத்துவத்தில் முதல் பரிசு, அறுவை சிகிச்சையிலும் பரிசு. 1804-ல் டாக்டர் பட்டம்.

அவருக்குக் கிடைத்த ஆசிரியர் கோர்விசார். நெப்போலியனின் சொந்த மருத்துவர். கோர்விசாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நோயாளியின் மார்பை விரலால் தட்டிப் பார்ப்பார். காற்று இருக்கிற இடம் டங்கென்று ஒலிக்கும், நீர் கோத்த இடம் மொத்தென்று கேட்கும். இது அவர் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரியாவில் அவன்புருகர் என்ற மருத்துவர் 1761-லேயே எழுதி வெளியிட்டது. அவன்புருகர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயில் எவ்வளவு சரக்கு மிச்சம் இருக்குன்னு தட்டிப் பார்க்கிற அதே டெக்னிக்! ஆனால் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1808-ல் கோர்விசார் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அந்தக் காலத்துப் பாரிஸ் மருத்துவமனைகளில் இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்ப்பது பெரிய அளவில் நடந்தது. எந்த உறுப்பு எப்படிக் கெட்டிருக்கு என்று மருத்துவர்கள் நேரடியாகப் பார்த்தார்கள். லேனெக் அதில் மூழ்கிப் போனார். கல்லீரல் சுருங்கிப்போகும் நோய்க்கு சிரோசிஸ் என்று பெயர் வைத்தவர் அவர்தான். மெலனோமா என்று இன்று நாம் சொல்லும் கருநிறப் புற்றுநோயைத் தனி நோயாக விவரித்தவரும் அவர்தான்.

ஆனா ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நோய் எங்கே இருக்குன்னு தெரிய வரும்போது நோயாளி உயிரோட இல்லை. உயிரோட இருக்கும்போது தெரிவது இருமல், காய்ச்சல், மூச்சு வாங்கல் மட்டும்தான். இருமல் பத்து நோயில் வரும், மூச்சு வாங்கல் இருபது நோயில் வரும். நம்ம மொழியில சொன்னா, உடம்பு ஒரு பிளாக் பாக்ஸ். அவுட்புட் தெரியும், உள்ளே என்ன சர்க்யூட் இருக்குன்னு தெரியாது. பெட்டியைத் திறந்தா சர்க்யூட் தெரியும், ஆனா அதுக்கப்புறம் சப்ளை இருக்காது.

1814-ல் நெப்போலியனின் கடைசிப் போர்களில் அடிபட்டும் நோய்ப்பட்டும் பிரித்தனிப் படைவீரர்கள் பாரிஸுக்கு வந்தார்கள். பலருக்குப் பிரெஞ்சு தெரியாது. எங்கே வலிக்குதுன்னுகூடச் சொல்லத் தெரியாமல் படுத்துக் கிடந்த அந்தப் பையன்களுடன் அவர்கள் மொழியிலேயே பேசியவர் லேனெக். கேட்பது என்பது அவருக்குக் கருவி வருவதற்கு முன்னாடியே இருந்த குணம்.

1816: ஒரு காகிதச் சுருள்

1816-ல் நெக்கர் மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்தது. அந்த வருஷம் இதய நோயின் அறிகுறிகளோடு ஒரு இளம்பெண் வந்தாள். கொஞ்சம் பருமனான உடம்பு, அதனால் தட்டிப் பார்த்தும் ஒண்ணும் தெரியவில்லை. நேரடியாக மார்பில் காது வைத்துக் கேட்பது சில மருத்துவர்கள் அப்போதே செய்ததுதான். ஆனால் ஒரு இளம்பெண்ணிடம் அது முறையாக இருக்காது என்று லேனெக் தயங்கினார்.

அப்போது அவருக்கு ஒலியியலில் ஒரு சின்ன விஷயம் ஞாபகம் வந்தது. நீளமான மரக்கட்டையின் ஒரு நுனியில் ஊசியால் கீறினால், மறுநுனியில் காது வைத்தவருக்கு அது துல்லியமாகக் கேட்கும். பக்கத்தில் இருந்த காகிதக் கட்டை எடுத்து இறுக்கமாகச் சுருட்டினார். ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். இதயத் துடிப்பு, நேரடியாகக் காது வைத்துக் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது!

நிறையக் கட்டுரைகள் இந்த இடத்தில் முடிஞ்சிடும். ஐடியா வந்தது, கண்டுபிடிப்பு ஆச்சு, சுபம். ஆனா உண்மையான வேலை இதுக்கு அப்புறம்தான் ஆரம்பம். ப்ராஜெக்ட் பண்ற நமக்கு அது நல்லாவே தெரியும். ப்ரோட்டோடைப் ஒரு சாயங்காலத்தில் வரும், மீதி மூணு வருஷம் எடுக்கும். லேனெக்குக்கும் சரியா மூணு வருஷம்தான் ஆச்சு.

முதலில் கருவி. பல பொருட்களைச் சோதித்தார். ரொம்ப அடர்த்தியான பொருள் சரிப்படவில்லை. கடைசியில் மரத்துக்கு வந்தார். வீட்டிலேயே கடைசல் இயந்திரம் வைத்துத் தானே கடைந்தார். சுமார் ஒரு அடி நீளம், ஒன்றரை அங்குல விட்டம், நடுவில் மெல்லிய துளை. எடுத்துக்கொண்டு போக வசதியாக இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டலாம். ஒரு முனையில் புனல் மாதிரி குடைந்து, அதுக்குள்ளே பொருந்துகிற ஒரு அடைப்பானும் செய்தார். இதயத்தைக் கேட்கும்போது அடைப்பானைப் போடணும், மூச்சைக் கேட்கும்போது எடுத்துடணும். இரண்டு சத்தத்துக்கும் இரண்டு செட்டிங்! புல்லாங்குழல் வாசித்தவருக்குத் துளையின் அளவு ஒலியை என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டுமா?

பெயர் வைக்கக் கிரேக்கம் உதவியது. மார்பு என்ற சொல்லையும் பார் என்ற சொல்லையும் சேர்த்து ஸ்டெதாஸ்கோப். மார்பைப் பார்க்கும் கருவி. கேட்பதற்குத்தான் கருவி, ஆனா பெயரில் இருப்பது பார்வை. அவருடைய நோக்கம் அந்தப் பெயரிலேயே இருக்கு. காது வழியா உள்ளே பார்க்கணும்.

அடுத்தது டேட்டா. தினமும் ஒவ்வொரு படுக்கையாகப் போய்க் கேட்டு எழுதினார். நோயாளி இறந்துபோனால், உடலைத் திறந்து, தான் கேட்ட சத்தத்துக்கும் உள்ளே இருக்கும் மாற்றத்துக்கும் முடிச்சுப் போட்டார். மெஷின் லேர்னிங் படிக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். சத்தம் அவருக்கு இன்புட், பிரேதப் பரிசோதனை லேபிள். ஒரே ஆள், ஒரே காது, மூன்று வருஷம்.

அந்தச் சத்தங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் பல இன்றும் மருத்துவப் புத்தகங்களில் இருக்கு. ஒரு வகைக் குரல் அதிர்வு ஆடு கத்துவது மாதிரி இருக்கும், அதனால் அதற்கு ஆட்டுக் குரல் என்று பொருள்படும் கிரேக்கப் பெயர். மார்புக்குள் கரகரவென்று வரும் சத்தத்துக்கு ரால் என்ற பிரெஞ்சுச் சொல். ஆனால் சாகப் போகிறவரின் தொண்டையில் கேட்கும் சத்தத்துக்கும் மக்கள் அதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். நோயாளி காதில் விழுந்தால் பயந்துபோவார் என்று, படுக்கை அருகே பேசும்போது அதற்கு லத்தீன் சொல்லைப் போட்டார். சின்ன விஷயம்தான். ஆனா அந்த மனுஷன் எப்படிப்பட்டவர் என்று அதிலேயே தெரியுது, இல்லையா?

ஒலிக்கும் மார்பு, கேட்காத மூச்சு

இப்ப நம்ம முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

வருஷக்கணக்கா இருமலும் மூச்சு வாங்கலுமா இருக்கிற ஆட்களுக்கு அந்தக் காலத்தில் பொதுவா ஆஸ்துமா என்று ஒரே சீட்டு ஒட்டுவார்கள். பல மருத்துவர்கள் அதை நரம்புக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். லேனெக் அவர்கள் மார்பில் குழலை வைத்தார். ஒரு விசித்திரம் தென்பட்டது.

சிலருடைய மார்பு பீப்பாய் மாதிரி உருண்டு இருந்தது. தட்டினால் வழக்கத்தைவிட அதிகமாக, டங்கென்று ஒலித்தது. அப்படியென்றால் உள்ளே நிறையக் காற்று இருக்கு. நிறையக் காற்று இருந்தால் மூச்சுச் சத்தமும் பலமாகக் கேட்கணும்தானே? ஆனா குழலை வைத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்கவில்லை. இங்கே அங்கே மெல்லிய விசில் மட்டும். தட்டினால் காற்று நிறைய இருக்கு, கேட்டால் காற்று போய் வரவே இல்லை. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ரீடிங்.

அவர்கள் இறந்த பிறகு மார்பைத் திறந்தபோது விடை கிடைத்தது. சாதாரண நுரையீரல், மார்புக்கூட்டைத் திறந்ததும் பலூன் மாதிரி சுருங்கிவிடும். இந்த நுரையீரல்கள் சுருங்கவில்லை. கூட்டைவிட்டு வெளியே பிதுங்கி வந்தன. லேனெக் விடவில்லை. நுரையீரலை ஊதிப் பெருக்கி, அப்படியே காயவைத்து, துண்டாக அறுத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கவேண்டிய காற்றறைகள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெருத்து, சில இடங்களில் சுவர் கிழிந்து ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தன. இதுதான் எம்ஃபைசிமா. இன்று சிஓபிடி என்ற குடைக்குள் வரும் இரண்டு முக்கிய வடிவங்களில் ஒன்று. மற்றொன்று நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி.

இப்படி வீங்கிய நுரையீரலை அவருக்கு முன்னாடியும் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியின் மோர்கான்யி எழுதியிருக்கிறார், லண்டனின் மாத்யூ பெய்லி படமே போட்டிருக்கிறார். ஆனால் அவர்கள் பார்த்தது மேசையில் கிடந்த உறுப்பை. லேனெக் காட்டியது, இந்த ஆள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே இதைச் சொல்லிவிடலாம் என்பதை. இது அரிதான நோய் இல்லை என்றும், ஆஸ்துமா சீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்றும் அவர் புரிந்துகொண்டார்.

காரணத்தையும் யோசித்தார். சின்ன மூச்சுக்குழாய்களில் சளி அடைத்துக்கொள்கிறது. மூச்சை இழுக்கும்போது தசைகள் பலமாக வேலை செய்வதால் காற்று எப்படியோ உள்ளே போய்விடுகிறது. விடும்போது அவ்வளவு பலம் இல்லை, அதனால் வெளியே வர முடிவதில்லை. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் உள்ளேயே தங்குகிறது. ஒருவழி வால்வு! அறைகள் எப்படிக் கெடுகின்றன என்பதற்கு இன்றைய விளக்கம் வேறு. புகையால் வரும் அழற்சியில் சுரக்கும் நொதிகள் அறைச் சுவர்களை அரிக்கின்றன என்று சொல்கிறோம். அந்தச் சுவர்கள் கூடாரக் கயிறு மாதிரி சின்னக் குழாய்களை இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருப்பவை. கயிறு அறுந்தால் கூடாரம் மடங்கும், மூச்சு விடும்போது குழாய் மூடிக்கொள்ளும். ஆனால் பிரச்சினை மூச்சை விடுவதில்தான், காற்று உள்ளே மாட்டிக்கொள்வதில்தான் என்று 1819-ல் அவர் சொன்னது இன்றும் நிற்குது.

புத்தகமும் கிண்டலும்

1819-ல் இரண்டு பாகமாகப் புத்தகம் வந்தது. புத்தகத்தோடு சில பிராங்க் சேர்த்துக் கொடுத்தால் மரக் குழலும் கிடைக்கும். ஹார்டுவேரும் மேனுவலும் ஒரே பேக்!

வரவேற்பு கலவைதான். வெளிநாட்டு மாணவர்கள் தேடி வந்து கற்றார்கள். மறுபக்கம், பல மூத்த மருத்துவர்கள் மரக் குழாயோடு சுற்றும் டாக்டரைக் கேலி செய்தார்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜான் ஃபோர்ப்ஸுக்கே, இது எல்லா மருத்துவர்களிடமும் பரவும் என்ற நம்பிக்கை அப்போது இல்லை. நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும், காதைப் பழக்க வேண்டும், யாருக்கு அதெல்லாம் முடியும் என்பது அவர் எண்ணம். பின்னால் அதே ஃபோர்ப்ஸே இந்த முறையைப் பரப்பியவர்களில் ஒருவர் ஆனார். இன்று நாம் பார்க்கும் இரண்டு காது மாடல் வந்தது 1850-களில்தான். லேனெக் அதைப் பார்க்கவே இல்லை.

தன் மார்பில் வைக்காத குழல்

புத்தகத்தை முடித்தபோது அவர் உடம்பும் முடிந்திருந்தது. பிரித்தனியில் கெர்லுவார்னெக் என்ற இடத்தில் இருந்த குடும்ப வீட்டுக்குப் போனார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கடற்காற்றில் கொஞ்சம் தேறினார். 1821 வாக்கில் மறுபடி பாரிஸ். 1822-ல் பிரான்சின் புகழ்பெற்ற கல்வி நிறுவனமான கொலேஜ் த பிரான்சில் பேராசிரியர். 1824-ல் திருமணம். பக்கத்தில் இரண்டாம் பதிப்புக்கான வேலை, ராத்திரி பகலாக.

அம்மா காசநோயில் போனவர். தம்பி 1810-ல் அதே நோயில். நெருங்கிய நண்பரும் காசநோயை ஆராய்ந்தவருமான பேய்ல் 1816-ல் அதே நோயில். லேனெக் ஆயிரக்கணக்கான மார்புகளைக் கேட்டவர். எந்தச் சத்தம் வந்தால் நுரையீரலில் காசநோய்க் குழி இருக்கு என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர். ஆனால் தன் இருமலையும் மூச்சு வாங்கலையும் நீண்ட காலம் ஆஸ்துமா, உழைப்புக் களைப்பு என்றே எடுத்துக்கொண்டார். காசநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்பதை அன்று பாரிஸ் மருத்துவர்கள் நம்பவில்லை. அதன் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882-ல்தான்.

1826-ல் காய்ச்சலும் இருமலும் ஓயவில்லை. கடைசியில் குழலை எடுத்து அவர் மார்பில் வைத்தவர் சித்தப்பா மகன் மெரியதெக். அவரும் மருத்துவர், லேனெக்கிடம் கற்றவர். லேனெக் எழுதிவைத்த அதே சத்தங்கள் அங்கே கேட்டன. அந்த நிமிஷத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கற்றுக்கொடுத்தவரின் மார்பில், அவர் கற்றுக்கொடுத்த சத்தம்.

இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அவர் கெர்லுவார்னெக்குக்கே திரும்பினார். கடைசி நாளில், தன் விரல்களில் இருந்த மோதிரங்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்ததாகச் சொல்வார்கள். தான் போன பிறகு அந்த வேலை வேறு யாருக்கும் வரக்கூடாது என்று. 1826 ஆகஸ்ட் 13 அன்று இறந்தார். தன் குழலை மெரியதெக்குக்கு எழுதி வைத்திருந்தார்.

காதுக்கு எட்டாதது

கதை இங்கே முடிந்தாலும் விஷயம் முடியவில்லை. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டுவிட்டால் சிஓபிடி தெரிந்துவிடுமா? இல்லை. லேனெக் கேட்ட அந்த அமைதி, நோய் நன்றாக முற்றிய பிறகு வருவது. ஆரம்பத்தில் குழல் வைத்தால் எல்லாம் நார்மலாகவே கேட்கலாம்.

ஏன் அப்படி? இதை நம்ம பாடத்தை வைச்சே புரிஞ்சுக்கலாம். குழாயின் ஆரம் பாதியானால், சீரான ஓட்டத்துக்கு எதிர்ப்பு 16 மடங்காகும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்த ப்வாசே விதிதான் (அவரும் பாரிஸில் மருத்துவம் படித்தவர்தான்!). அப்போ சின்ன மூச்சுக்குழாய்கள் சுருங்கினால் உடனே தெரியணுமே? அங்கேதான் சிக்கல். அந்தச் சின்னக் குழாய்கள் ஆயிரக்கணக்கில், பேரலலாக இருக்கு. பேரலலாக ஆயிரம் ரெசிஸ்டர் இருந்தால், நூறு கருகினாலும் மொத்த எதிர்ப்பு பெரிசா மாறாது. அதனால நோய் வருஷக்கணக்கா சத்தமே இல்லாம வளரும். ஆள் மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போது நிறையவே போயிருக்கும்.

இதுக்குத்தான் அளக்கிற கருவி தேவைப்பட்டது. லேனெக் இறந்து 20 வருஷம் கழித்து, 1846-ல், இங்கிலாந்தின் ஜான் ஹட்சின்சன் ஸ்பைரோமீட்டர் பற்றி எழுதினார். நீரில் கவிழ்த்த ஒரு தொட்டி, அதற்குள் ஊதினால் எவ்வளவு காற்று என்று காட்டும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்து அளந்தார். ஆனால் அவர் அளந்தது மொத்தக் கொள்ளளவை. எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைச் சேர்த்தவர் பிரான்சின் டிஃபனோ, அது 1947-ல். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. லேனெக் சொன்ன வெளியே வர முடியாத காற்றுக்கு, கடைசியில் ஒரு நம்பர் கிடைத்தது!

இன்றைக்கும் சிஓபிடியை உறுதி செய்வது அந்த நம்பரை வைத்துத்தான். ஆழமா மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் பலமா, முடியும் வரைக்கும் ஊதணும். உதாரணத்துக்கு, ஒருவர் மொத்தம் 4 லிட்டர் ஊதி, அதில் முதல் நொடியிலேயே 3.2 லிட்டர் வந்துவிட்டால் விகிதம் 0.80. இன்னொருவர் 3 லிட்டர் ஊதி, முதல் நொடியில் 1.5 மட்டும் வந்தால் 0.50. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகும் விகிதம் 0.70-க்குக் கீழேயே இருந்தால், கூடவே அறிகுறிகளும் புகை போன்ற காரணமும் இருந்தால், சிஓபிடி என்று மருத்துவர்கள் முடிவுக்கு வருவார்கள். மருந்து கொடுத்ததும் விகிதம் நார்மலுக்கு வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆஸ்துமா பக்கம். லேனெக் காலத்தில் ஒரே சீட்டில் கிடந்த இரண்டு நோய்களை, இன்று ஒரு ஊதலும் ஒரு மருந்தும் பிரித்துக் காட்டுது. எக்ஸ்ரே மட்டும் எடுத்து இதை உறுதி செய்ய முடியாது என்பதையும் மனசுல வைச்சுக்கோங்க.

நீங்க செய்யக்கூடியது

வீட்டில் நாற்பது வயசு தாண்டியவர்களைக் கொஞ்சம் கவனியுங்க. தினமும் இருமல், காலையில் சளி, இதெல்லாம் மாதக்கணக்கில் இருக்கா? ஒரே வயசுக்காரங்களோட சமதரையில் நடக்கும்போது பின்தங்குறாங்களா? சளி பிடிச்சா நெஞ்சுக்கு இறங்கி வாரக்கணக்கில் நிக்குதா? பேசும்போது உதட்டைக் குவிச்சு மூச்சு விடுறாங்களா?

பீடி, சிகரெட் மட்டும்தான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். நம்ம நாட்டில் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருது. விறகு அடுப்பு, வரட்டி, காற்று போகாத சமையலறை. வருஷக்கணக்கா ஊதாங்குழல் வைச்சு ஊதின பாட்டிகளின் நுரையீரல், புகை பிடித்தவரின் நுரையீரல் மாதிரியே கெட்டிருக்கலாம். சுரங்கம், கல் உடைக்கிற இடம், பஞ்சாலை போன்ற தூசி மிகுந்த வேலைகளும் இதில் சேரும்.

இருக்குமோன்னு தோணினா, வயசாயிடுச்சு அதான் மூச்சு வாங்குதுன்னு விட்டுடாதீங்க. நெஞ்சக நோய் மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க, ஸ்பைரோமெட்ரி எடுக்கணுமான்னு நீங்களே கேளுங்க. கெட்டுப்போன அறைகள் திரும்பி வராதுதான். ஆனா புகையை நிறுத்தினால் நுரையீரல் தேயும் வேகம் குறையும், அது எந்த வயசிலும் பலன் தரும். இன்ஹேலர் மூச்சு வாங்கலைக் குறைக்கும். இன்ஹேலர் பழகினா விட முடியாது என்ற பயம் நம்ம ஊரில் நிறைய இருக்கு. அது போதை இல்லை, மருந்து நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போக ஒரு வழி, அவ்ளோதான்.

அப்புறம் உங்களைப் பற்றி. ஹாஸ்டல் பின்னாடி, டீக்கடை ஓரமா, ஒண்ணே ஒண்ணுன்னு ஆரம்பிக்கிற வயசு நம்ம வயசுதான். அந்தப் பேரலல் ரெசிஸ்டர் கணக்கை அப்போ ஒரு தடவை போட்டுப் பாருங்க. இன்னைக்கு ஒண்ணும் தெரியலைன்னா ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம் இல்லை.

லேனெக் ஒரு காகிதத்தைச் சுருட்டினார் என்பது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதைவிடப் பெரிசு, அதுக்கப்புறம் மூணு வருஷம் ஒவ்வொரு படுக்கையா உட்கார்ந்து, மத்தவங்க அலட்சியமா விட்ட மூச்சு வாங்கலைப் பொறுமையா கேட்டது. தன்னுடைய மூச்சை மட்டும் அவர் நேரத்துக்குக் கேட்கவில்லை. இந்த வாரம் வீட்டுக்குப் போனா, அல்லது போன்ல பேசினா, தாத்தா பாட்டி பேசும்போது வாக்கியத்துக்கு நடுவில் எத்தனை தடவை மூச்சுக்காக நிறுத்துறாங்கன்னு கவனிச்சுப் பாருங்க. அதுக்கு மரக் குழல்கூடத் தேவை இல்லை.